ஹேஸ்டி என்று எழுதிவிட்டார்கள்

மதுரையிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வரும்போது சிங்களத்தை நினைத்துத்தான் கவலைப்பட்டேன். வந்து பார்த்தால், வெள்ளவத்தையில் தமிழிலேயே வீடு பார்க்கலாம், மரக்கறி வாங்கலாம், ஓட்டோக்காரரோடு பேரம் பேசலாம். மெனக்கெட்டுக் கற்க வேண்டியிருந்தது ஆங்கிலம்தான். தேயிலை ஏற்றுமதி அலுவலகத்தில் ஒரு சொல்லைச் சரியாகப் படிக்காவிட்டால் பணமே கைவிட்டுப் போகும்.

ஐரோப்பாவிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சல். கப்பலில் போன சரக்கின் தரப் பரிசோதனை 'ஹேஸ்டி'யாக (hasty) நடந்திருக்கிறது என்று அதில் ஒரு வரி. "கெதியா முடிச்சிட்டம் எண்டுதானே சொல்றார், நல்லதுதானே அக்கா?" என்றான் புதிதாகச் சேர்ந்த பையன். எங்கள் பிரிவை நடத்தும் அக்கா தலையசைத்தார். "இல்லை தம்பி, இது குற்றச்சாட்டு. ஆறுதலா இன்னொருக்கா வாசிங்கோ." இங்கே கெதியா என்றால் சீக்கிரமாக, ஆறுதலாக என்றால் நிதானமாக.

அதே இடத்தில் 'ஹர்ரிட்' (hurried) என்று இருந்திருந்தால் விஷயம் வேறு. அது நேரக் குறைவை மட்டும் சொல்கிற சொல். கொம்பனித்தெருவுக்குப் போகும் ரயிலைப் பிடிக்க, இரண்டு இடியப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு ஓடினால் அது ஹர்ரிட் பிரேக்ஃபாஸ்ட். சாப்பிட்டவர் மேல் குறை ஒன்றும் இல்லை. ஹேஸ்டி அப்படியல்ல. யோசிக்க வேண்டியதை யோசிக்காமல், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் செய்துவிட்டீர்கள் என்று அது ஆளின் புத்தியையே தொடும். முடிவு, தீர்ப்பு போன்றவற்றோடு அந்தச் சொல் சேர்ந்து வருவது அதனால்தான். நேரம் தாராளமாக இருந்தும் ஒருவர் ஹேஸ்டியாக முடிவெடுக்கலாம். ஆளுக்கே அடைமொழியாகவும் வரும், நம்மூர் அவசரக்குடுக்கைதான். சாப்பாட்டுக்கு இரண்டு சொல்லையும் போடுகிறார்கள், ஹேஸ்டி மீல் என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பொறுப்பு சம்பந்தப்பட்ட இடத்தில் வரும்போதுதான் சுருக்கென்று தைக்கும்.

எங்களுக்குத் தைத்ததற்குக் காரணம் உண்டு. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 முதல் நடக்கிறது, 2020இல் இணையத்துக்கும் மாறிவிட்டது. ஆனால் தேயிலையை நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை மாறவில்லை. சுவை பார்ப்பவர் வெள்ளைக் கிண்ண வரிசையின் முன்னால் நிற்பார். கரண்டியில் எடுத்து, சுர்ரென்று உறிஞ்சி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போய்விடுவார். ஒன்றுக்குச் சில நொடிதான். புதிதாகப் பார்ப்பவருக்கு அலட்சியமாகத் தெரியும். ஆனால் ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேச விதிப்படி 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊற வேண்டும். எங்கள் அறையில் அந்த நேரம் முடியாமல் கரண்டி இறங்காது. இவ்வளவு ஒழுங்காகச் செய்கிற வேலையைக் குவிக் என்று சொல்லட்டும், ஏற்றுக்கொள்கிறேன். ஹேஸ்டி என்பது அநியாயம்.

பதில் எழுதும்போது அக்கா ஒன்றில் கவனமாக இருந்தார். கப்பல் புறப்படும் தேதி நெருங்கிவிட்டது, நேரம் போதவில்லை என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஹர்ரிட் என்று எழுதியிருந்தால் அந்தக் காரணம் போதும். ஹேஸ்டிக்கு அதைச் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எந்த மாதிரிகள், எந்த நாள், யார் சுவை பார்த்தது, ஈரப்பதம் எவ்வளவு என்று தாள்களை வரிசையாக இணைத்தார். எந்த லாட்டில், அதாவது எந்தச் சரக்குத் தொகுதியில், என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டு, அதோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் வந்த பதிலில் அந்தச் சொல்லைக் காணோம். இரண்டு லாட்டின் எண்களைக் கொடுத்து, எங்களிடம் எடுத்துவைத்திருக்கும் மாதிரிகளை அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.