பாவு ஓட்டும் இடத்தில் தண்ணீர் டேங்க் வந்தால்: இடம் மாற்றிய அனுபவம்

ஆந்திர எல்லையோரம் இருக்கும் பள்ளிப்பட்டு வட்டாரத்து நெசவு ஊர்களில் வீடுகளுக்கு நடுவே நீளமாக ஒரு மண் தரை கிடக்கும். விடியுமுன் போனால் பாவை, அதாவது துணியின் நீளவாக்கு நூல்களை, இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவிடுவார்கள். தொட்டிக்கு இடம் அளவெடுக்கிறவர் வருவதோ பதினொரு மணிக்கு. அவர் கண்ணுக்கு அது வெறும் புறம்போக்கு, ஊர் நடுவில் இருக்கிற தோதான இடம். வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்தின் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி எங்கள் ஊரில் அங்கேதான் குறிக்கப்பட்டது. அதை நகர்த்த என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை, இதே நிலைமையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறோம்.

இடத்தை மாற்றக் கேட்கும் மனுவில் "தொட்டி வேண்டாம்" என்ற தொனியே வரக்கூடாது. ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்ற திட்டக் கணக்கில், இந்தத் தொட்டியை ஒரு முறை நிரப்பினால் சுமார் 545 பேருக்குத் தண்ணீர். தறி இல்லாத வீடுகளுக்கு அது பெரிய விஷயம். அவர்கள் எதிர்த்தால் மனு அன்றைக்கே செத்தது. எதிர்ப்பு மனுவுக்கு ஒரு எண் கிடைக்கும், அவ்வளவுதான். மாற்று இடத்தின் சர்வே எண்ணை முதல் வரியிலேயே எழுதிய மனுதான் மேசையை விட்டு நகரும்.

அதற்கு முன்னால் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒன்றியப் பொறியாளரிடம் கேளுங்கள். தொழில்நுட்ப அனுமதி ஆகவில்லை என்றால் மதிப்பீட்டில் இடத்தை மாற்றுவது எளிது. பணி ஆணை போய்விட்டால் திருத்திய மதிப்பீடும் மாவட்ட அளவில் ஒப்புதலும் வேண்டும். பள்ளம் தோண்டி எம்-புக்கில் (முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) அளவு ஏறிவிட்டால், செலவான பணத்துக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி வந்துவிடும். அதன்பின் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

"தொட்டிக்கு மூணு சென்ட்தானே போகுது, மீதி இடம் உங்களுக்குத்தானே?" என்பார்கள். பரப்பை வைத்துப் பேசினால் நாம் தோற்போம். பாவுக்கு வேண்டியது தடையில்லாத நீளம். நடுவில் நாலு தூண் நின்றால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது எதற்கும் உதவாத துண்டுகள். போதாததற்குத் தொட்டி நிரம்பி வழிந்தால் தரை சேறாகும், நனைந்த மண்ணில் பாவு விரிக்க முடியாது. அதனால் இடத்தின் படத்தை அளவோடு வரைந்து, பாவு நீளத்தை ஒரு கோடாகவும் தொட்டியை ஒரு கட்டமாகவும் போட்டுக் காட்டுங்கள். பாவு விரித்திருக்கும் காலைப் புகைப்படங்கள், நெசவாளர் அடையாள அட்டை நகல்கள், கூட்டுறவுச் சங்கக் கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். விசைத்தறிக்காரர்கள் மின்கட்டண அட்டையின் நகலை வைக்கலாம். இலவச யூனிட் கழிவு அதில் இருப்பதால் தறி ஓடுகிறதா என்ற கேள்வி எழாது.

மாற்று இடத்துக்கு அ-பதிவேடும் (நிலத்தின் வகை, பரப்பு இருக்கும் பதிவேடு) புலப்படமும் (சர்வே எண்ணின் அளவுப் படம்) வேண்டும். இரண்டும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் கிடைக்கும். வகைப்பாட்டுப் பத்தியைப் பார்க்காமல் மனு எழுதாதீர்கள். ஏரி, குட்டை, ஓடை என்றிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்) என்றால் ஈடாக வேறு நிலம் காட்டச் சொல்வார்கள். எல்லைப்புறத்தில் இன்னொரு தொல்லை உண்டு. இந்தப் பகுதி 1960 ஏப்ரல் 1-இல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. பழைய பத்திரங்கள் தெலுங்கில் இருக்கும். பார்ப்பதற்கு அருமையான மேடு, சர்வே எண்ணைத் தேடினால் ஆந்திரக் கிராமத்தில் இருக்கும்! நம் ஊராட்சிப் பணத்தில் அங்கே ஒரு செங்கல் வைக்க முடியாது. யாராவது தானமாக நிலம் கொடுத்தால் வில்லங்கச் சான்றும் உட்பிரிவும் தேவை. யார் பெயருக்கு எழுத வேண்டும் என்று பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பத்திரம் போடுங்கள்.

"மாற்று இடம் தூரம், தண்ணீர் ஏறாது" என்று ஒரு பதில் வரும். தூரத்தைவிடத் தரை உயரம்தான் முக்கியம். 90 மி.மீ. பி.வி.சி. குழாயில் வினாடிக்கு 3 லிட்டர் ஓடினால், 200 மீட்டர் கூடுதல் தூரத்துக்கு உராய்வில் போகும் அழுத்தம், தண்ணீரின் உயரக் கணக்கில், ஒரு மீட்டருக்கும் குறைவு. தரை 2 மீட்டர் தாழ்வு என்றால் 2 மீட்டர் முழுசாகப் போகும். அதை ஈடுகட்டத் தூணை உயர்த்தினால் மாதிரி வரைபடமே மாறும், செலவும் ஏறும். கடைக்கோடிக் குழாயில் 7 மீட்டர் அழுத்தம் நிற்கிறதா என்பதே கேள்வி. ஆகவே பழைய இடத்தைவிடத் தாழாத தரையைத் தேடுங்கள். கொத்தனாரின் ரசமட்டக் குழாயால் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்) முதல் கணக்குப் பார்க்கலாம். குழாயில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அளவு பொய் சொல்லும். நீண்ட தூரத்துக்கு இப்படி அளந்தால் பிழை கூடிக்கொண்டே போகும், எனவே மனுவில் போடும் எண்ணை மட்டும் சர்வேக்காரரின் மட்டக் கருவியான ஆட்டோ லெவல் வைத்து எடுத்துவிடுங்கள். மண்ணையும் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். கரிசல் ஆழமாக இருந்தால் அஸ்திவாரச் செலவைக் காட்டியே மறுப்பார்கள்.

பிறகு கிராம சபைத் தீர்மானம். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக் குறைந்தால் தீர்மானம் நிற்காது. வாசகத்தில் பழைய சர்வே எண், புதிய சர்வே எண், பரப்பு மூன்றும் இருக்கட்டும். தலைவர் பதவி காலியாக இருந்தால் தனி அலுவலரிடம் நகல் வாங்குங்கள். அந்த நகலோடு திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்தால் கோப்பு மேலிருந்து கீழே வரும். கீழிருந்து மேலே தள்ளுவதைவிட இது வேகம்.

இடம் மாறிய ஆணை வந்ததும் குழாய்ப் பாதைப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தொட்டி நகர்ந்தாலும் குழாய் பழையபடி பாவுத் தரைக்குக் கீழே வர வாய்ப்பு அதிகம். குழாய் ஆழமாகப் புதைந்து மேலே மண் சமன் செய்யப்பட்டால் பரவாயில்லை. வால்வை வைக்கும் சின்ன வால்வுத் தொட்டி மட்டும் அந்தத் தரையில் வரக்கூடாது, ஓரத்துத் தெருவுக்குத் தள்ள வேண்டும் என்று பணி மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.