கீபோர்டு யார் கையில்?

மென்பொருள் பொறியியல் லேபில் இரண்டு பேருக்கு ஒரு கணினி, சேர்ந்தே கோட் (நிரல்) எழுத வேண்டும், அதாவது ஜோடி புரோகிராமிங் (pair programming) என்று முதன்முதலில் அறிவித்தபோது எனக்கே அதில் பெரிய நம்பிக்கை இல்லை. திருத்த வேண்டிய அசைன்மென்ட் பாதியாகக் குறையும், அவ்வளவுதான். (மாணவர்களிடம் இதைச் சொன்னதில்லை.)

நன்றாக கோட் எழுதுபவரோடு தடுமாறுபவரை உட்கார வைத்தேன். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்று கணக்கு. மூன்றாவது வாரமே கணக்கு பொய்த்தது. ஒருவர் மடமடவென்று தட்ட, மற்றவர் போனில் மூழ்கிவிடுவார். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "இந்த லூப் எதுக்கு?" என்றால், "அவன்தான் எழுதினான் மேடம்" என்று பதில் வரும்.

1990களின் கடைசியில் மென்பொருள் பொறியாளர் கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்கும் பாணி வழியாகப் பரவலானது இந்த ஜோடி முறை. தட்டுபவர் டிரைவர், பக்கத்தில் இருந்து யோசித்து, தவறைக் கவனித்து, அடுத்ததைச் சொல்பவர் நேவிகேட்டர். ஆய்வாளர் லாரி வில்லியம்ஸ் 1999இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 41 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். ஜோடிகள் செலவழித்த மொத்த நேரம், தனியாக எழுதியவர்களைவிட 15 சதவீதம் அளவுக்கே கூடுதல். கோடில் இருந்த பிழைகளும் அதே அளவு குறைவு. ஆனால் அந்த 15 சதவீதம் பழகிய பிறகு வந்தது. தொடக்கத்தில் கூடுதல் நேரம் இன்னும் அதிகம். என் லேபில் பழக்கமும் இல்லை, நேவிகேட்டரும் இல்லை. ஒரு டிரைவர், ஒரு பயணி.

அடுத்த செமஸ்டரில் மென்பொருள் பயிற்சியாளர் லெவெலின் ஃபால்கோ சொல்லும் விதியை அப்படியே கொண்டுவந்தேன்: யோசனை யாருடையதோ அவர் கீபோர்டைத் தொடக்கூடாது. வாயால் சொல்ல வேண்டும், மற்றவர் கை அதை எழுத வேண்டும். முதல் நாள் கெட்டிக்காரர்கள் பட்ட பாடு இருக்கிறதே! கைகளைக் கட்டிக்கொண்டு நெளிந்தார்கள்.

அன்றைய பயிற்சி, நூலகப் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பினால் அபராதம் கணக்கிடுவது. வகுப்பிலேயே வேகமான பையன் சொல்லிக்கொண்டிருந்தான்: "திருப்பின தேதில இருந்து கெடு தேதியைக் கழி. ஒரு நாள் அபராதத்தால பெருக்கு." வைவாவில் வாயே திறக்காத பெண் தட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் கை நின்றது.

"ரெண்டு நாள் முன்னாடியே குடுத்துட்டா? லைப்ரரி நமக்குக் காசு தருமா?"

அவன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். அப்புறம் இருவரும் சேர்ந்து முதலில் அந்த நிலைமையைச் சரிபார்க்கும் டெஸ்ட் கோடை எழுதினார்கள். அவன் தனியாக எழுதியிருந்தால் அந்த மைனஸ் அபராதம் நேராக என் மேசைக்கு வந்திருக்கும், நான் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது பின்னால் நின்றாலே காதில் விழுகிறது. முடிந்த கோடில் அது தெரியவே தெரியாது.

இப்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டு கை மாறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஜோடி மாறும். திறமையில் கிட்டத்தட்ட சமமாக இருப்பவர்களைத்தான் சேர்க்கிறேன். கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கமிட்டில் (Git commit) இருவர் பெயரும் இருக்கும். மதிப்பெண்ணில் பாதி மட்டும் ஜோடிக்கு, மீதி தனித்தேர்வுக்கு.

எல்லோருக்கும் இது ஒத்துவரவில்லை. "யாராவது பார்த்துக்கிட்டிருந்தா மூளையே ஓடமாட்டேங்குது மேடம்" என்று ஒரு மாணவி வந்து நின்றாள். பழகிவிடும் என்று அனுப்பிவிட்டேன். பழகவில்லை. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் முதல் 20 நிமிடம் அவரவர் தாளில் தனியாக யோசிக்கலாம். அதற்குப் பிறகே ஜோடி. அவளுக்காகச் செய்தது மற்றவர்களுக்கும் பிடித்துப்போனது.

சரி, தீராத சிக்கல் ஒன்று பாக்கி. இந்த வகுப்பில் 37 பேர். ஒரு குழுவில் மூவர் இருந்தே ஆக வேண்டும். ஒருவர் சொல்கிறார், ஒருவர் தட்டுகிறார், மூன்றாமவர் போனைப் பார்க்கிறார்.