பாளையங்கோட்டையில் கவுன்சலிங் போன அனுபவம்

கவுன்சலிங் என்றாலே நம்ம பக்கத்தில் 'கிறுக்குக்கு வைத்தியம்' என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து போகாமல் இருக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு இரண்டாவது முறையும் கரு தங்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பாபநாசத்தில் முங்கி எழு, ஜாதகத்தைப் பாரு, டாக்டரை மாத்து. "இப்படி அழுதுக்கிட்டே இருந்தா அடுத்தது எப்படித் தங்கும்?" என்றார்கள் அத்தை. பாசத்தில் சொன்னதுதான். ஆனால் எனக்குத் தூக்கமே போய்விட்டது. சொந்தத்தில் நடந்த ஒரு வளைகாப்பை ஸ்டேட்டஸில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், எனக்குச் சொல்லவில்லை.

டாக்டரம்மாதான் அந்தக் கவுன்சலரின் நம்பரைக் கொடுத்தார். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடி, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். முதல் நாளே விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஒரு தடவைக்கு 50 நிமிடம். பேசியது வெளியே போகாது. என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் உரியவர்களிடம் சொல்ல வேண்டிவரும். மருந்து எழுதித்தர அவருக்கு அதிகாரம் இல்லை. நான் தூங்கவில்லை என்றதும் மனநல மருத்துவரையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார்.

"நீங்க எப்படி மேடம் இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். ஆலங்குளம் பக்கம், பீடி சுத்துற வீடு. மடியில் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவர். பிறகு நர்ஸ், பிரசவ வார்டில் வேலை. "பிள்ளை இல்லாம வீட்டுக்குப் போறவங்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் குடுத்து அனுப்புவோம். உக்காந்து கேக்க ஆளில்ல" என்றார். அந்த மனக்குறையில்தான் தபால்வழியில் உளவியல் படித்தாராம். அதற்கு மேல் தன் கதையை வளர்க்கவில்லை. "இதக் கேட்டதும் உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று என் பக்கம் திரும்பிவிட்டார்.

ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் வந்தது. "நான் என்ன செய்யணும்னு சொல்லுங்களேன்" என்றேன். "யாராவது சொல்லிட்டா நல்லாருக்கும்னு தோணுது. அவ்வளவு களைச்சுப் போயிருக்கீங்க" என்றார். அதைக் கேட்டு அழுதுவிட்டேன். என் களைப்பு அதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

இன்னொரு நாள், "ரெண்டு பிள்ளைகளும் போன துக்கம்..." என்று அவர் தொடங்க, "துக்கம் இல்ல மேடம், பயம்" என்று மறித்தேன். "நான் துக்கம்னு நினைச்சுட்டேன். எதுக்குப் பயம்?" என்று கேட்டார். ஸ்கேன் அறையைச் சொன்னேன். வயிற்றில் அந்த ஜில்லென்ற ஜெல். பேசிக்கொண்டே ஸ்கேன் எடுத்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. சொல்லிக்கொண்டே வரும்போது, "எனக்கு இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் முகம் மாறவில்லை. 'அப்படிச் சொல்லக் கூடாது' என்றும் சொல்லவில்லை.

இது கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறை. வந்தவரையே மையமாக வைத்து நடப்பது. பண்ணையில் வளர்ந்து, முதலில் வேளாண்மை படிக்கப் போனவர் அவர். சின்ன வயதில் வீட்டு நிலவறையில் போட்டு வைத்த உருளைக்கிழங்கு, மண்ணும் நீரும் இல்லாமலே, எட்டத்தில் இருந்த ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து வெளிறிய முளை விட்டதைப் பார்த்திருக்கிறார். மனுசருக்குள்ளும் அப்படி ஒரு விசை உண்டு என்று உறுதியாக நம்பினார். கேட்கிறவர் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசக் கூடாது, நிபந்தனை போடாமல் ஏற்க வேண்டும், எதிரில் இருப்பவரின் இடத்தில் நின்று புரிந்துகொள்ள வேண்டும் என்று 1957-இல் எழுதினார். படிக்கச் சாதாரணமாகத் தெரியலாம். அதை ஒருவர் எனக்குச் செய்தபோதுதான் அது எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்தது.

அங்கே சொன்னதையே பிறகு என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவருக்கும் அதே பயம் இருந்திருக்கிறது. என் முன்னால் காட்டவில்லை. சிகிச்சையை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம். அத்தைக்கு வருத்தம்தான்.

போக நினைக்கிறவர்கள் முதல் நாளே என்ன படித்தார், எந்த முறையில் செய்கிறார் என்று தாராளமாகக் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்றும் கேட்கலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.