சேபன் போன பிறகு: டஸ்கலூசா நாட்குறிப்பு, 2024

ஜனவரி 10, புதன்

சாயங்காலம் செய்தி வந்தது. நிக் சேபன் ஓய்வு பெறுகிறார். வயது 72. அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக 17 சீசன், ஆறு தேசியப் பட்டம். தேசிய அரையிறுதியான ரோஸ் பௌலில் மிச்சிகனிடம் ஓவர்டைமில் 27-20 என்று தோற்று இன்னும் பத்து நாள்கூட ஆகவில்லை. அந்தக் கடைசி ஆட்டத்தில் நம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவன்) ஜேலன் மில்ரோ பந்தோடு நடுவில் புகுந்து, கோட்டைத் தொடாமல் விழுந்ததே இன்னும் ஆறவில்லை. அதற்குள் இது.

பட்டங்களைப் பற்றி ஊரே பேசட்டும். எனக்குப் பையன்களைப் பற்றித்தான் கவலை. டிசம்பரில் கையெழுத்துப் போட்டவர்கள், இந்த வாரம்தான் பெட்டி படுக்கையோடு விடுதிக்கு வந்து சேர்ந்தவர்கள், இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டு வாய்வார்த்தையாக மட்டும் வருகிறேன் என்று சொன்னவர்கள். வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து அம்மா அப்பாவிடம் பேசி அழைத்துவந்த மனிதர் இப்போது இல்லை. தலைமைப் பயிற்சியாளர் போய்விட்டால் அந்த அணிக்காரர்களுக்கு மட்டும் 30 நாள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப் பெயர் பதியும் பட்டியல், திறக்கும். எந்தப் பல்கலைக்கழகம் வேண்டுமானாலும் கூப்பிடலாம், எவன் வேண்டுமானாலும் போகலாம். ஒரு மாதம் தூக்கம் கிடையாது.

ஜனவரி 11, வியாழன்

பிரையன்ட்-டென்னி ஸ்டேடியத்துக்கு முன்னால் பட்டம் வென்ற பயிற்சியாளர்களின் சிலைகள் நிற்கின்றன. சேபன் சிலையின் காலடியில் பூங்கொத்து, கோக் பாட்டில், அப்புறம் லிட்டில் டெபி ஓட்மீல் க்ரீம் பை என்ற பாக்கெட் இனிப்பு. அவர் தினமும் காலையில் சாப்பிடுவது அதுதான் என்று இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

அதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. சாராலாண்ட் பள்ளியின் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவன்) ரயன் வில்லியம்ஸ் அலபாமாவுக்குக் கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டான். மாநிலத்தின் மிஸ்டர் ஃபுட்பால் விருதை இரண்டு முறை வாங்கிய முதல் ஆள், மிக உயர்ந்த தரமான ஃபைவ் ஸ்டார். இன்னும் 17 வயதுகூட ஆகவில்லை. சீக்கிரம் படிப்பை முடித்துக்கொண்டு ஒரு வருடம் முன்னதாகவே வருவதாக இருந்தவன். மொபைல் நகரத்துப் பக்கத்துப் பையன், நம் மாநிலத்துப் பையன். இவனை இதே மாநிலத்துப் பரம எதிரியான ஆபர்னுக்கு விட்டுவிட்டால் அதை ஆறு வருடம் பேசுவார்கள்.

ஜனவரி 13, சனி

புதிய தலைமைப் பயிற்சியாளர் கேலன் டிபோர் நேற்று மாலை வந்து இறங்கினார். விமான நிலையத்தில் பெருங்கூட்டம். இன்று பத்திரிகையாளர் சந்திப்பு.

திங்கட்கிழமை இரவு ஹூஸ்டனில், சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழக அணியைத் தேசிய இறுதியாட்டத்தில் நடத்தி 34-13 என்று தோற்றவர், வெள்ளிக்கிழமை இங்கே. தென் டகோட்டாவின் மில்பேங்க் என்ற சிற்றூர்க்காரர். சியூ ஃபால்ஸ் என்ற சின்னக் கல்லூரியில் 67 வெற்றி, மூன்றே தோல்வி. வாஷிங்டனில் இரண்டு வருடத்தில் 25-3. எண்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெற்கில் ஆள் சேர்த்த அனுபவம் இல்லையே என்பதுதான் எல்லோரும் சொல்வது. ஒரு பதினேழு வயதுப் பையனின் பாட்டி, அம்மா, பள்ளிப் பயிற்சியாளர், சர்ச் பாதிரியார் எல்லோரிடமும் உட்கார்ந்து பேச வேண்டிய ஊர் இது. அது வருமா என்று பார்க்க வேண்டும். நான் நம்புகிறேன்.

ஜனவரி 15, திங்கள்

நம் ரிசீவர் ஐசையா பாண்ட் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். நவம்பரில் ஆபர்ன் மைதானத்தில் கடைசி வாய்ப்பான நாலாவது டவுன், கோட்டுக்கு 31 கெஜம், 32 விநாடி பாக்கி என்ற நிலையில் மூலையில் நின்று பந்தைப் பிடித்து 27-24 என்று ஜெயிக்கவைத்தவன். அந்தப் பிடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆஸ்டினில் இருக்கும் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, பாண்ட் இனிமே எங்க ஆளு. வருத்தப்படாதீங்க." சிரித்துக்கொண்டே பேசினான். "நல்லாப் பாத்துக்கோங்கடா" என்று சொல்லி வைத்தேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஜனவரி 21, ஞாயிறு

இந்த வாரம் மோசம். கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு. முதல் வருடத்திலேயே அணியில் அதிக டாக்கிள் (எதிராளியைப் பிடித்து வீழ்த்துவது) செய்தவன், 107. நாட்டின் மிகச் சிறந்த சேஃப்டி (தடுப்பின் கடைசி வரிசைக்காரன்) என்பது என் கருத்து. ஜார்ஜியா பையன். பந்து எங்கே போகப்போகிறது என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தொலைக்காட்சியில் பார்க்கும்போது திரையின் ஓரத்திலிருந்து சட்டென்று உள்ளே வருவான், ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

குவார்ட்டர்பேக் ஜூலியன் சேயினும் அங்கேதான். கலிபோர்னியாவிலிருந்து வந்து இங்கே வகுப்பில் சேர்ந்து சில நாள்தான். லெஃப்ட் டாக்கிளாக, அதாவது குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் கேடின் ப்ராக்டர் சொந்த மாநிலமான அயோவாவுக்கு. முதல் வருடமே எல்லா ஆட்டத்திலும் தொடக்க வீரனாக நின்றவன். அந்த உயரமும் எடையும் சந்தையில் கிடைக்காது.

கடைத்தெருவில் ஆளாளுக்கு "துரோகம்", "காசுக்காக" என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சேர்த்தவர் போய்விட்டார். சேர்ந்தவன் யோசிக்கக் கூடாதா? டிபோர் நாலே நாளில் சியாட்டிலை விட்டுவிட்டு இங்கே வந்ததற்கு விமான நிலையத்தில் கை தட்டினோம். அங்கேயும் அவரை நம்பி வந்த பையன்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் அவர் பின்னாலேயே இங்கு வருகிறார்கள்: சென்டர் (குவார்ட்டர்பேக்குக்குப் பந்தைக் கொடுப்பவன்) பார்க்கர் ப்ரெயில்ஸ்ஃபர்ட், ரிசீவர் ஜெர்மி பெர்னார்ட், குவார்ட்டர்பேக் ஆஸ்டின் மேக். பெரியவருக்கு ஒரு நியாயம், பதினெட்டு வயதுக்காரனுக்கு ஒரு நியாயம் என்றால் எப்படி?

ஜனவரி 25, வியாழன்

ரயன் வில்லியம்ஸ் திரும்பி வந்துவிட்டான்! டிபோர் வந்து இரண்டு வாரத்துக்குள். ஆபர்ன் விடாமல் துரத்தியும் வந்துவிட்டான்.

இன்று ஆபீஸில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை. முன்பின் பேசாதவர்கூட மாடிப்படியில் நிறுத்திக் கை கொடுத்தார். தெற்கில் ஆள் சேர்ப்பாரா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம்.

பிப்ரவரி 7, புதன்

கையெழுத்து நாள். வில்லியம்ஸ் போட்டுவிட்டான். வாய்வார்த்தை இல்லை, காகிதம். மில்ரோ, டைலர் புக்கர், மலாக்கி மூர் எல்லோரும் தங்குகிறார்கள். மிச்சிகனிலிருந்து சேஃப்டி கியான் சாப் வருகிறான். டவுன்ஸ் விட்டுப்போன இடத்தை முழுசாக நிரப்ப முடியாது, ஆனால் வெறுமையாக இருக்காது.

பிப்ரவரி 12, திங்கள்

டிபோரோடு வந்த தாக்குதல் பயிற்சியாளர் ரயன் க்ரப், ஒரு ஆட்டம்கூட ஆடாமல் தொழில்முறை அணியான சியாட்டில் சீஹாக்ஸுக்குப் போகிறார். 30 நாள் முடிந்து போர்ட்டல் மூடிய கையோடு செய்தி வந்திருக்கிறது. பையன்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறார்களா?

மார்ச் 13, புதன்

நேற்று வாஷிங்டன் நகரத்தில் செனட்டர்கள் முன்னால் சேபன் பேசினார். ஐம்பது வருடமாகத் தான் நம்பியவை இன்றைய கல்லூரி விளையாட்டில் இல்லை என்ற பொருளில் சொன்னார். எதற்கு இதைச் செய்கிறோம் என்று மனைவி டெர்ரி கேட்டதையும் சொன்னார்.

அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவர் வருத்தம் பொய்யில்லை. பையன்களை மனிதர்களாக வளர்த்து அனுப்பியவர். ஆனால் ஒரு சனிக்கிழமைக்கு லட்சம் பேர் உட்காரும் மைதானத்தை நிரப்புகிறவர்கள் அந்தப் பையன்கள். அவர்கள் பங்கைக் கேட்பதால் விளையாட்டு கெட்டுப்போகாது. கெடுப்பது ஒப்பந்தமே இல்லாத நிலைமை. பையனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இரண்டு பக்கத்தையும் கட்டும் ஒரு காகிதம் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மார்ச் 19, செவ்வாய்

ப்ராக்டர் அயோவாவை விட்டு வருகிறான். ஏப்ரலில் போர்ட்டல் திறந்ததும் திரும்ப இங்கேயே வருவான் என்கிறார்கள். போன வருடம் தப்பு செய்யும்போதெல்லாம் இந்த ஊர் அவனைத் திட்டியது. திரும்பி வந்தால் அதை நினைவில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் நாம்.

ஏப்ரல் 13, சனி

ஏ-டே. வசந்தகாலப் பயிற்சியின் கடைசி நாள், நமக்குள் நாமே ஆடுவது. 70,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பயிற்சி ஆட்டத்துக்கு!

முன்பு பயிற்சி நாள்களில் சேபன் வைக்கோல் தொப்பியோடு மைதானத்துக்கு நடுவில் நிற்பார். டிபோர் அமைதியானவர், சத்தம் போடுவதில்லை. தாக்குதலில் எல்லாமே வேகம்: ஆட்டக்காரர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், பந்து சீக்கிரம் கையை விட்டுப் போகிறது. மில்ரோவுக்கு இது புதுசு. நீளமாக எறிவதில் அவனுக்கு ஈடு கிடையாது, கிட்டத்தில் இருப்பவனுக்குச் சட்டென்று தருவதைத்தான் பழக வேண்டும். ப்ரெயில்ஸ்ஃபர்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சென்டருக்கு ஆள் சிறிசு, ஆனால் கால் எவ்வளவு வேகம்! பந்தைக் கொடுத்த மறு நொடி எதிராளியின் தோளுக்குக் கீழே இருக்கிறான். போன வருடம் சென்டர் தப்பாகக் கொடுத்த பந்துகளால் பட்டபாட்டுக்கு இவன் ஒருவன் போதும்.

ஏப்ரல் 27, சனி

தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்தது. நம் பையன்கள் பத்துப் பேர். ஜேசி லேதம் ஏழாவதாக டென்னசிக்கு, டல்லாஸ் டர்னர் 17-ஆவதாக மின்னசோட்டாவுக்கு, டெரியன் ஆர்னல்ட் 24-ஆவதாக டெட்ராய்ட்டுக்கு. நிகழ்ச்சி நடந்த ஊரே டெட்ராய்ட் என்பதால் ஆர்னல்டுக்குக் கிடைத்த ஆரவாரம் பார்க்க அருமை. இன்று கடைசியாக, 257-ஆவதாக அழைக்கப்பட்ட பெயரும் நம்முடையதுதான்: சேஃப்டி ஜேலன் கீ, ஜெட்ஸுக்கு. முதல் நாளிலிருந்து உட்கார்ந்து காத்திருந்த அந்தக் குடும்பத்தை நினைத்தால் கண் கலங்குகிறது.

ப்ராக்டரும் வந்து சேர்ந்துவிட்டான். வசந்தகாலப் பயிற்சி முழுக்கத் தவறிவிட்டது.

மே 24, வெள்ளி

கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வும் பெரிய கல்லூரி லீக்குகளும் வீரர்கள் தொடுத்த வழக்கில் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டன. பழைய, இப்போதைய வீரர்களுக்கு சுமார் 280 கோடி டாலர், பத்து வருடத்தில். இனிமேல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு வருமானத்தில் நேரடிப் பங்கு தரலாம், வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் இரண்டு கோடி டாலருக்குச் சற்று மேல்வரை. நீதிபதி ஒப்புதல் தர வேண்டும். மார்ச்சில் நான் எழுதிய அந்தக் காகிதத்துக்கு இது முதல் படி. ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல் அணிகளுக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் கவலை. அலபாமாவின் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆறு தேசியப் பட்டம் வாங்கியது. அதைக் குறைத்தால் இந்த ஊர் பொறுக்காது, பொறுக்கவும் கூடாது.

ஜூன் 5, புதன்

கீலன் ரஸல்! டெக்ஸஸ் டங்கன்வில் பள்ளியின் குவார்ட்டர்பேக், 2025-இல் கல்லூரிக்கு வரும் வகுப்பு. டல்லாஸின் எஸ்எம்யு பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தவன் நேற்று நம் பக்கம் வந்துவிட்டான். ஒல்லியான பையன், ஓடிக்கொண்டே எறிந்தாலும் பந்து நேராகப் போகும்.

எஸ்எம்யு-காரர்களுக்கு இன்று ஜனவரி 11-ஆக இருக்கும். அவர்கள் அவனைத் திட்டினால் எனக்குப் புரியும். டிசம்பரில் கையெழுத்து வரை யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. ஆறு மாதம் இவனைச் சுற்றி எல்லாப் பல்கலைக்கழகங்களும் வட்டமிடும்.

ஜூலை 17, புதன்

டல்லாஸில் எஸ்இசி (நம் அணி ஆடும் லீக்) பத்திரிகையாளர் நாள். டிபோரோடு மில்ரோ, புக்கர், மூர் மூவரும். இந்த மாதத்திலிருந்து டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் நம் லீக்கில். தம்பிக்கு இனிமேல் தினமும் பேச விஷயம் இருக்கும்.

ஆகஸ்ட் 31, சனி

வெஸ்டர்ன் கென்டக்கியை 63-0.

வில்லியம்ஸ் இரண்டே பந்து பிடித்தான், இரண்டும் டச்டௌன்: ஒன்று 84 கெஜம், இன்னொன்று 55. மொத்தம் 139 கெஜம். 84 கெஜத்தில் அவனுக்குப் பின்னால் ஓடியவர்கள் பாதியிலேயே நிதானமாகிவிட்டார்கள். மற்ற பையன்கள் இந்நேரம் பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். மில்ரோ தடுப்பவர் இல்லாமல் நிற்பவனுக்கே கொடுக்கிறான், அவசரப்படவில்லை. ப்ரெயில்ஸ்ஃபர்ட் நடுவில் இருந்தால் போதும் என்று ஏப்ரலில் நினைத்ததை நான் இன்னும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும், இந்த எதிரணி அதற்குப் போதாது.

ப்ராக்டர் தோள்பட்டைக் காயத்தால் ஆடவில்லை. அடுத்த சனிக்கிழமை சவுத் ஃப்ளோரிடா இங்கே வருகிறது. செப்டம்பர் இறுதியில் ஜார்ஜியா. அதற்குள் அவன் லெஃப்ட் டாக்கிளில் நின்றாக வேண்டும்.