காகசஸ் தட்டை விரிப்புகளின் கோலங்கள்

காகசஸ் பகுதியின் பழைய தட்டை விரிப்புகளில் (முடிச்சுக் குஞ்சம் இல்லாமல் தட்டையாக நெய்தவை) காணும் ஒவ்வொரு கோணத்துக்கும் விற்பனையாளர்கள் ஏதேனும் ஓர் ஆதிகாலக் குறியீட்டுப் பொருளைக் கற்பித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் தறியைத்தான் விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு நிற ஊடையையும் (குறுக்கு நூல்) அதன் பகுதியின் ஓரத்திலேயே திருப்பி நெய்யும் கிலிம் நெசவில் இரு நிறங்கள் செங்குத்துக் கோட்டில் நெடுகச் சந்தித்தால் அங்கே பிளவு விழும் என்பதால், நெசவாளர் நிறத்தின் ஓரத்தைச் சில இழைகளுக்கு ஒருமுறை நகர்த்திக்கொண்டே போகிறார். படிக்கட்டு விளிம்புடைய சாய்சதுரங்கள் பெரும்பாலும் அப்படிப் பிறந்தவையே. ஊடையைச் சுற்றிச் சுற்றி நெய்யும் சுமாக் முறையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. வண்ண ஊடை பொதுவாக நான்கு பாவு இழைகளின் (தறியில் நெடுக்காகக் கட்டிய நூல்கள்) மேல் சென்று இரண்டின் அடியில் திரும்புகிறது. பின்புறத்தில் நூல் முனைகள் தொங்கியபடி விடப்படுவதும் உண்டு.

காகசஸின் 17, 18ஆம் நூற்றாண்டு முடிச்சுக் கம்பளங்களின் டிராகன் கோலத்தைச் சில சுமாக்குகள் அப்படியே எடுத்தாண்டிருக்கின்றன. ‘சிலே’ எனப்படும் சுமாக் வகை விரிப்புகளை நிரப்பும் பெரிய எஸ் வடிவத்தையும் டிராகன் என்றே பலர் கொள்கின்றனர். அதன் உடலுக்குள்ளேயே குட்டி எஸ்கள் அடைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, மூல விலங்கைவிடக் காலியிடம் விடக்கூடாது என்ற அக்கறையே நெசவாளரை இயக்கியதாக எனக்குப் படுகிறது.