பிடியரிசி போன ஊர்

எங்கள் வீட்டு அடுப்படியில் இரண்டு அரிசிப் பானைகள் இருந்தன. பெரியது எங்களுக்கு. சின்னது தெலுங்கு நாட்டில் இருக்கிற தோர்ணக்கலுக்கு. அம்மா காலையில் உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சின்னப் பானையில் போடுவாள். போடும்போது உதடு அசையும். "ஆண்டவரே, தோணாக்கல் ஊழியத்தை ஆசீர்வதியும்." அவ்வளவுதான் ஜெபம். தோர்ணக்கல் என்று அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை, தோணாக்கல்தான். வீட்டில் அரிசி தட்டுப்பட்ட நாள்களும் உண்டு. அப்போதும் அந்தப் பிடி சிறுத்ததை நான் பார்த்ததில்லை. மாதக் கடைசியில் சபையிலிருந்து சாக்கோடு வருவார்கள், அம்மா பானையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக் கொடுப்பாள்.

அந்த ஊரை அம்மா பார்த்தது கிடையாது. அவளுக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்த ஆச்சியும் பார்த்ததில்லை.

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது சின்னப் பானையில் பாதி அரிசி கிடந்தது. அதைச் சமைக்கவும் மனம் வரவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை. மாதங்கள் ஓடிவிட்டன. ஒருநாள் திறந்து பார்த்தால் வண்டு விழுந்திருந்தது. முற்றத்தில் பாய் விரித்து வெயிலில் காயப்போட்டு, சுளகில் புடைத்து, வேப்பிலை போட்டுத் துணிப்பையில் கட்டினேன். கட்டும்போதே முடிவு செய்துவிட்டேன், இதை நானே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி மாதம் கிளம்பினேன். சென்னையில் ரயில் ஏறி விடிவதற்குள் கம்மத்தில் இறங்கி, அங்கிருந்து பாசஞ்சரில் தோர்ணக்கல். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். வழியெல்லாம் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள், தரையே சிவப்பாகக் கிடந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தேரி மண்ணைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. ஜங்ஷனில் மஞ்சள் பலகையைப் பார்த்ததும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

இந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியாதான் சம்பந்தம். பனங்காட்டுக் கிராமம், தகப்பனார் தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். தாய் எலன் நெடுநாள் ஜெபித்துப் பெற்ற பிள்ளை என்பதால் வேதாகமத்தில் வரும் அன்னாளின் மகனுடைய பேரையே சாமுவேல் என்று வைத்தார்கள். 1902-ல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே உள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் கடல் தாண்டி நம் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அது அவரைக் குத்தியிருக்கிறது. திருநெல்வேலிச் சபைகள் நூறு வருஷமாகச் சுவிசேஷத்தைக் கேட்டு வளர்ந்தவை. பெற்றுக்கொண்டதோடு சரி, நாம் யாரை அனுப்பினோம்? அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரி 12-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பதுதான் கொள்கை. நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல்லை ஊழியத்துக்கான இடமாகத் தேர்ந்தெடுத்தார்கள். சாமுவேல் பாக்கியநாதன் முதலில் போனார். அந்த ஊழியத்துக்குத்தான் எங்கள் அடுப்படிகளிலிருந்து அரிசி போனது.

1909-ல் அசரியாவே கிளம்பிவிட்டார். அப்போது வயது முப்பத்தைந்து. நல்ல வேலையில் இருந்தவர். அந்த வயதில் தெலுங்கு எழுத்தை முதலிலிருந்து படித்து, கூடாரத்தில் தங்கி, ஊர்க்கோடியில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த மாலா, மாதிகா மக்களிடம் போய் உட்கார்ந்தார். 1912-ல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

பேராலயம் ஸ்டேஷனிலிருந்து தூரமில்லை. முதலில் கண்ணில் பட்டது குவிமாடமும் மினார் மாதிரியான கோபுரங்களும். உள்ளே கால் வைத்தால் நம்மூர்க் கோயில் மண்டபம் போலக் கல்தூண்கள். இந்த மண்ணில் எல்லோரும் கும்பிட்டு வளர்ந்த வடிவங்களை எல்லாம் சேர்த்து அசரியா கட்டினார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆயின. 1939 ஜனவரி 6-ல், பிரசன்னத் திருநாள் அன்று, பிரதிஷ்டை. எங்கள் மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் ஊசிக் கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதன்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. ஆனாலும் இந்தத் தூண்களுக்கு நடுவே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றபோது, ஆண்டவர் வெளிநாட்டிலிருந்து வரவில்லை, இங்கேயே இருந்திருக்கிறார் என்றுதான் மனதில் பட்டது.

ஞாயிறு ஆராதனை தெலுங்கில். ஒரு வார்த்தையும் தெரியாது, ஆனால் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. பரமண்டல ஜெபம் வந்தது. அவர்கள் "பரலோகமந்துன்ன மா தண்ட்ரீ" என்று தொடங்க, நான் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினேன். நடுவில் முன்னே பின்னே போனோம். "ஆமென்" மட்டும் ஒன்றாக விழுந்தது. அங்கேதான் அழுதேன்.

காணிக்கை நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். ஒரு வயதான அம்மா வாங்கிக்கொண்டார். முடிச்சைத் தளர்த்தி உள்ளே கையை விட்டு, அரிசியைக் கொஞ்சம் அள்ளி, திரும்பவும் விழவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிடிகெடு பிய்யம்?" என்றார். தெலுங்கில் பிய்யம் என்றால் அரிசி. பிடிகெடு என்றால் ஒரு பிடி. எங்கள் பிடியும் அவர்கள் பிடியும் ஒரே சொல்! நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆராதனை முடிந்து அசரியாவின் கல்லறைக்குக் கூட்டிப்போனார்கள். 1945 ஜனவரி 1-ல் இறந்தவர். அவர் காலத்திலேயே இந்தத் திருமண்டலத்தில் 2 லட்சத்துக்கும் மேலானவர்கள் விசுவாசிகளாகியிருந்தார்கள். அது ஒரு ஆளின் பிரசங்கத்தால் நடந்தது இல்லை. ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தலையில் கை வைத்து, நான் ஞானஸ்நானம் பெற்றவன், "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று சொல்லச் சொல்வாராம் அசரியா. எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரரும் சொல்ல வேண்டும், நேற்று வந்தவரும் சொல்ல வேண்டும். வருஷம்தோறும் சாட்சி வாரம் என்று வைத்து, சபை மக்களையே பக்கத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் எதிர்த்துப் போராடச் சொன்னார். ஒதுக்கப்பட்டிருந்த மக்கள் குடியை விட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நிமிர்ந்து நடந்ததைப் பார்த்துத்தான் மற்ற சாதியாரும் பின்னால் வந்தார்கள். ஒலிபெருக்கி வைத்த கூட்டங்களில் எனக்கும் நன்மை கிடைத்திருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டார் தினமும் பார்க்கிற வாழ்க்கைக்கு உள்ள சத்தம் ஒலிபெருக்கிக்கு இல்லை என்று அந்தக் கல்லறை அருகில் நின்றபோது உறுதியாகத் தோன்றியது.

அரிசியை வாங்கிய அம்மா என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார். அவர் மகள் சென்னையில் நர்சாக இருந்தவள், அரைகுறைத் தமிழில் மொழிபெயர்த்தாள். பப்பும் கோங்கூராவும் போட்டு, தானும் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் அசரியா மேல்நாட்டு மிஷனெரிகளிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. ஏழைகளுக்கு உணவளிக்க உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்றார். அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அந்த வீட்டுத் திண்ணையில்தான் புரிந்தது.

சாப்பிட்டதும் அந்த அம்மா ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான்கு வீடு தள்ளி, பக்கவாதத்தில் கிடக்கிற ஒரு பாட்டி. கிறிஸ்தவர் இல்லை. தினமும் மதியம் போவாராம், எட்டு வருஷமாக. நானும் போனேன். பாட்டியைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகை வெந்நீரில் துடைத்து, தேங்காய் எண்ணெய் தேய்த்து, உடை மாற்றிவிட்டார். விரல் இடுக்கைக்கூட விடாமல் துடைத்தார். அப்புறம், "பிரார்த்தன சேயனா?" என்று பாட்டியிடம் கேட்டார். ஜெபிக்கட்டுமா என்று அர்த்தம். எட்டு வருஷமும் இப்படிக் கேட்டுவிட்டுத்தான் ஜெபிப்பாராம். வேண்டாம் என்ற நாள்களும் இருந்தன என்று மகள் சொன்னாள். அன்றைக்குப் பாட்டி கண்ணை மூடித் தலையசைத்தாள். ஜெபம் சின்னதுதான், என் அம்மாவின் பிடியரிசி ஜெபம் அளவுக்கு.

மாலையில் நான் கிளம்பும்போது ஒரு நோட்டை எடுத்துவந்தார். நூல் பிரிந்துபோன அட்டை, உள்ளே பக்கம் பக்கமாகப் பெயர்கள். தினமும் விடியற்காலையில் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கிற பட்டியல். என் பெயரைக் கேட்டு எழுதினார். அப்புறம் ஊர்ப்பெயர் கேட்டார்.

"மெஞ்ஞானபுரம்" என்றேன்.

"மெக்ன..." என்று நிறுத்தினார். நான் திரும்பச் சொன்னேன். நாக்கில் நிற்கவில்லை. மூன்றாம் தடவை மெதுவாகச் சொல்ல, எழுத்து எழுத்தாகத் தெலுங்கில் எழுதி, விரலை வைத்து வாசித்துக் காட்டினார். "மெனானபுரம்."

"சரியா அக்கா?" என்று மகள் கேட்டாள்.

எனக்குத் தோணாக்கல்தான் காதில் கேட்டது. "ரொம்பச் சரி" என்றேன்.