இதுக்கு முன்னாடி யாரு கை வெச்சது?

எந்த வண்டியின் இன்ஜினை இறக்கினாலும் மெக்கானிக் வாயில் வருகிற முதல் வாக்கியம் ஒன்றுதான்: "இதுக்கு முன்னாடி யாரு கை வெச்சது?" கேள்வி போல இருக்கும், ஆனால் பதில் யாருக்கும் வேண்டாம். வரப்போகிற பில்லுக்கு அங்கேயே கடைக்கால் தோண்டியாகிவிட்டது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பட்டறை வைத்து 16 வருடமாக நானும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன், புதுச்சேரி முதலியார்பேட்டையில் மேஸ்திரியிடம் எடுபிடியாக இருந்தபோது, அவர் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருடம் மாசி மாதம் ஒரு தம்பி யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்றைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்தார். சிப்காட்டில் வேலை. பழைய வண்டி, பெண்ணையாற்றங்கரைப் பக்கம் ஒரு வீட்டில் வாங்கியது. ரோட்டில் ஓட்டப்போவதில்லை, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் மட்டும்தான் ஓட்டப்போகிறார். லைட் வேண்டாம், இண்டிகேட்டர் வேண்டாம், சீட்டைக் குறுக்கி வேறு வைக்கப்போகிறார். "இன்ஜின் மட்டும் நீங்க பண்ணிக் கொடுங்கண்ணா. ஃபுல் இன்ஜின்."

பட்டறை பாஷையில் ஹாஃப் இன்ஜின் என்றால் ஹெட், பிளாக் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர்), பிஸ்டனோடு நிறுத்திக்கொள்வது. ஃபுல் இன்ஜின் என்றால் கிராங்க் சுற்றுகிற அடிப்பெட்டியான கிராங்க்கேஸைப் பிளந்து கடைசி பேரிங் வரை போவது. ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் ஃபுல் இன்ஜின் எனக்குப் பிடித்த வேலை. ஹெட்டில் வால்வு கிடையாது, கேம் கிடையாது, டைமிங் செயின் கிடையாது. பிஸ்டன், ராடு, கிராங்க், ரீட் வால்வு, பின்னால் நான்கு கியர். 98 சிசி, 7500 ஆர்பிஎம்மில் 11 குதிரை சக்தி. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு அதற்கு இடமில்லாமல் போனது. 7500 என்றால் பிஸ்டன் ஒரு நொடிக்கு 125 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பயம்தான்.

கேஸைப் பிளந்தேன். அடியில் ஒரு விரற்கடை அளவுக்கு வண்டல் படிந்திருந்தது, காபித்தூள் மாதிரி. விரலில் எடுத்துத் தேய்த்து வெயிலில் காட்டினால் காக்காப்பொன் மினுங்கியது. ஆற்று மண். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியதும், இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து கடலூர் கரையோரத்தை முழுக்கியதும் எங்களுக்கு மறக்காது. அந்தத் தண்ணீர் இந்த இன்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது. விற்றவர் "ரெண்டு வருஷமா ஸ்டார்ட் பண்ணலை, அவ்வளவுதான்" என்றாராம். பொய் சொல்லவில்லை, மீதியைச் சொல்லவில்லை. மெயின் பேரிங் இரண்டும் துரு தின்று சொரசொரவென்று சுற்றின.

மண்ணைவிட எனக்கு எரிச்சலூட்டியது வேறு. கிளட்ச் நட்டில் உளித் தழும்பு. யாரோ ஒருவன் சரியான ஸ்பேனர் போடாமல் உளியை வைத்து அடித்துக் கழற்றியிருக்கிறான். "எவன்டா இது" என்று ஆரம்பித்து நான் சொன்னதெல்லாம் எழுத முடியாது. ஆனால் அதே ஆள் கிளட்ச் கவரின் உள்பக்கத்தில் ஆணியால் கீறி வைத்திருந்தான்: 14-8-03, 0.25. தேதியும் போட்ட போர் அளவும், அதாவது பிளாக்கின் துளையை எத்தனை மி.மீ. கடைந்து பெரிதாக்கினான் என்பதும். உளி வைத்து அடிக்கிறவனுக்குள் இப்படி ஒரு ஒழுங்கு. பட்டறைக் கையெழுத்து என்பது அதுதான், பெயர் இருக்காது.

கிராங்க்கையும் பிளாக்கையும் எடுத்துக்கொண்டு புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எனக்குப் பழக்கமான லேத்துக்குப் போனேன். டூ ஸ்ட்ரோக் கிராங்க் ஒரே துண்டு அல்ல. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஒரு பின்னை பிரஸ்ஸில் அழுத்தி இறுக்கியது. ராடு மாற்ற வேண்டுமென்றால் பின்னைத் தள்ளிப் பிரித்து, புதுப் பின் போட்டு அழுத்தி, பிறகு வி-பிளாக்கில் உட்காரவைத்துச் சுற்றிக்கொண்டே டயல் கேஜ் முள்ளைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கினால் பித்தளைச் சுத்தியால் ஒரு தட்டு. மறுபடி சுற்று. மறுபடி தட்டு. முள் 0.03 மி.மீ.க்குள் அடங்குகிற வரை லேத்துக்காரர் விடமாட்டார். அவர் தட்டுகிற சத்தத்தை வைத்தே எவ்வளவு கோணல் என்று சொல்லிவிடலாம். கடைசித் தட்டுகள் கதவைத் தட்டத் தயங்குகிறவன் தட்டுவது போல இருக்கும்.

போர் போடும்போது பிஸ்டனைக் கையோடு கொடுத்துவிட வேண்டும். பிஸ்டனை அளந்து அதற்குத் தக்கபடிதான் பிளாக்கைக் கடைய வேண்டும். இதற்கு 0.50 பிஸ்டன் போட்டோம். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. போரும் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. என்பதால் கம்பெனியிலிருந்து வரும்போது இது 98 சிசி. 0.50 போட்ட பிறகுதான் கணக்கு 100.1 வருகிறது. ஆர்எக்ஸ் 100 சொந்தப் பெயருக்குப் பொருத்தமாக ஆவதே இரண்டாவது போரில்தான்.

திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். புதுச்சேரியிலிருந்து கனமான பையோடு வருகிறவனை நிறுத்தாமல் எப்படி? "பையில என்ன?" "கிராங்க் சார்." "அது என்ன சரக்கு, புதுசா இருக்கு?" பையைத் திறந்து பார்த்தவர் கையெல்லாம் கிரீஸ். பனியன் வேஸ்ட் கொடுத்துத் துடைக்கச் சொன்னேன். அப்புறம் தன் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை என்று பத்து நிமிஷம் பேசினார்.

தம்பிக்கு போர்ட்டிங் ஆசை, அதாவது பிளாக்கின் துளைகளை ராவிப் பெரிதாக்கும் ஆசை, இருந்தது. புகை வெளியேறுகிற சைலன்சர் போர்ட்டை மேலே அரத்தால் உயர்த்தினால் மேல் ஆர்பிஎம்மில் பறக்கும் என்று போனில் வீடியோ காட்டினார். பறக்கும்தான். ஆனால் கீழே இழுவை செத்துவிடும். நான்கே கியர் உள்ள வண்டியில் வளைவிலிருந்து வெளியே வரும்போது அந்த இழுவை வேண்டும். தவிர, அரம் போட்ட இடத்தில் உலோகம் திரும்ப முளைக்காது. கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரு பிளாக்கை நான் இப்படி ஆசைப்பட்டு ராவி, கடைசியில் அது பட்டறைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது. இந்த பிளாக்கில் நான் செய்தது இரண்டே. கடைந்த பிறகு போர்ட் ஓரங்கள் கத்தி மாதிரி நிற்கும், அவற்றை லேசாக மழுக்கினேன். இல்லாவிட்டால் ரிங் அதில் மாட்டிச் சுக்குநூறாகும். ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே எவ்வளவு சந்து என்று சால்டரிங் ஈயத்தை பிளக் ஓட்டை வழியே விட்டு, கிராங்க்கைச் சுற்றி நசுக்கி, அதை அளந்தேன். தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மறைக்கவில்லை.

பூட்டின நாள் சனிக்கிழமை சாயங்காலம். வாசலில் மூன்று வண்டி நிற்கிறது, போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கிராங்க் முனையில் மின்சாரத்துக்காகச் சுற்றுகிற காந்தச் சக்கரம்தான் மேக்னட். அந்தப் பக்கத்து ஆயில் சீலை, கிராங்க்கேஸை அடைக்கிற ரப்பர் வளையத்தை, ஷாஃப்ட்டில் ஏற்றும்போது ஒரு சடங்கு உண்டு. மேக்னட் வழுக்காமல் பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டான மேக்னட் லாக் உட்காருகிற பள்ளத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். அதன் மேல் செல்லோ டேப் ஒரு சுற்றுச் சுற்றி, எண்ணெய் தடவி, பிறகுதான் சீலை ஏற்ற வேண்டும். மேஸ்திரி இதற்காக என் தலையில் குட்டியிருக்கிறார். அன்றைக்கு டேப் கைக்கு எட்டவில்லை. எட்டவில்லை என்பது கூட ஒரு சமாளிப்பு. மேசை டிராயரில்தான் இருந்தது. ஏற்றிவிட்டேன்.

முதல் உதையிலேயே பிடித்தது. சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, நெல்லிக்குப்பம் ரோட்டில் நிதானமாக ஓட்டிப் பழக்கினேன். ஒன்று மட்டும் உறுத்தியது. ஆக்ஸிலேட்டரை விட்டால் ஆர்பிஎம் சட்டென்று இறங்காமல் தயங்கித் தயங்கி இறங்கியது. கார்புரேட்டர் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பி அந்த உறுத்தலை அடக்கினேன்.

சித்திரையில் ஒரு டிராக் நாள். விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து அந்த டிராக் 1990-ல் திறந்தது, ஒரு சுற்று 3.7 கி.மீ. இன்ஜின் அடியில் ஆயில் வடிக்கிற டிரெய்ன் போல்ட் கழன்று டிராக்கில் கியர் ஆயில் கொட்டிவிடக் கூடாது என்று போல்ட் தலையில் ஓட்டை போட்டுக் கம்பி கட்டியிருந்தோம் (அந்தச் சின்ன ஓட்டைக்கு மூன்று டிரில் பிட் உடைந்தது தனிக்கதை). தம்பியிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "கிளட்ச் மேல ரெண்டு விரல் எப்பவும் இருக்கணும்." டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. நேர்ரோட்டின் முடிவில் முழு வேகத்தில் ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோலும் நிற்கும், ஆயிலும் நிற்கும், பிஸ்டன் மட்டும் நிற்காது. அது வறண்டு இறுகினால் கிளட்ச்சைப் பிடித்தால்தான் பின்சக்கரம் சுற்றும்.

முதல் ரவுண்டு, இரண்டாவது ரவுண்டு அருமை. மூன்றாவதில் தூரத்தில் சத்தம் ஒரு மாதிரி கூர்மையாகி, அப்புறம் சத்தமே இல்லை. பிஸ்டன் பிளாக்கோடு இறுகி இன்ஜின் பிடித்துக்கொண்டது. இரண்டு விரல் வேலை செய்ததால் அவர் விழவில்லை, ஓரமாக உருட்டிக்கொண்டு வந்தார். பிளக்கைக் கழற்றினேன். பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, நுனியில் அலுமினியம் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

திரும்பும் வழியெல்லாம் குற்றவாளி தேடினோம். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறதே, அதற்கு கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற பழைய ஜெட் துளை போதாது என்றேன். வெயில் என்றேன். பெட்ரோலோடு போகிற டூடி (2T) ஆயில் டூப்ளிகேட்டாக இருக்கும் என்றார் தம்பி. லேத்தில் போர் டைட்டாகப் போட்டுவிட்டார்களோ என்று கூடச் சொன்னேன், லேத்துக்காரரைப் புகழ்ந்த அதே வாயால். திண்டிவனம் தாண்டும்போது பட்டியலில் ஏழெட்டுப் பேர். என் பெயர் இல்லை.

மறுநாள் அம்மாவின் பழைய பிபி மிஷினை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். டிஜிட்டல் வாங்கிய பிறகு அந்த முள் மிஷின் பெட்டியில் சும்மா கிடந்தது. "என்னடா, இன்ஜினுக்கும் பிரஷரா?" என்றாள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸ்தான் பம்பு, அது காற்றுப் புகாமல் இருந்தால்தான் சரியான கலவை மேலே போகும். சைலன்சர் வாயை சைக்கிள் டியூப் துண்டு வைத்து மூடி, கார்புரேட்டர் பக்கம் ரப்பர் தக்கையில் டியூபைச் சொருகி, பல்பை அழுத்தி முள்ளை 300-க்கு ஏற்றினேன். நிற்கவில்லை. ஒரு நிமிஷத்தில் 200-க்கு வந்தது. சோப்புத் தண்ணீர் தடவினேன். மேக்னட் பக்கம் குமிழி வந்தது. இந்தச் சோதனையை பூட்டின அன்றைக்கே செய்திருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை.

சீலை நெம்பி எடுத்தேன். உதட்டில் அரைச் சென்டிமீட்டருக்கு ஒரு கீறல், பிளேடால் போட்டது மாதிரி. லாக் பள்ளத்தின் வேலை. என் வேலை. பின்னால் நின்று எட்டிப்பார்த்த கடைப் பையன் கேட்டான்: "யாருண்ணா இதுக்குக் கை வெச்சது?" அவன் கிண்டலாகக் கேட்டானா, பழக்கத்தில் கேட்டானா என்று இன்றுவரை தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் டார்ச் பிடித்தவன் அவன்தான்.

தம்பியிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. சொல்லாமலே இருந்திருக்கலாம். அவர் பெட்ரோல் என்றே நம்பி, ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லியும் ஆகிவிட்டது. வரவழைத்து, சீலைக் கையில் கொடுத்து, கீறலைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ பெட்ரோல் இல்லையாண்ணா?" என்றார், கொஞ்சம் வருத்தமாகவே.

பிஸ்டன் கிட், போர், சீல் எல்லாம் என் கணக்கு. காசு பெரிதில்லை. 0.50-ல் இருந்த பிளாக்கை 0.75-க்குக் கடைய வேண்டியதாயிற்று. அதற்கு மேல் 1.00 ஒன்றுதான் மிச்சம். 2003-ல் உளியை வைத்து அடித்தவன் 0.25 போட்டு, அது 21 வருடம் தாக்குப்பிடித்திருக்கிறது. நான் போட்டது இரண்டு மாதம்.

உள்ளே அலுமினியத் தூள் போயிருந்ததால் கேஸை மறுபடி பிளந்து, மண்ணெண்ணெயில் கழுவி, இந்தத் தடவை டேப் சுற்றி ஏற்றினேன். பிபி முள் 300-லேயே ஐந்து நிமிஷம் நின்றது. ஆக்ஸிலேட்டரை விட்டால் ஆர்பிஎம் கல் விழுகிற மாதிரி விழுந்தது. ஆடியில் தம்பி மறுபடி டிராக்குக்குப் போய்வந்தார், பிளக்கைக் கழற்றிப் படம் அனுப்பினார். மேரி பிஸ்கட் நிறம்.

அந்த இரண்டாவது தடவை கிளட்ச் கவரை மூடும் முன் ஸ்கிரைபரை எடுத்தேன். 14-8-03-க்குக் கீழே முதல் தடவை கீறியது இருந்தது: 22-3-25, 0.50. அதற்குக் கீழே 31-5-25, 0.75 என்று கீறினேன். கடைப் பையன் ஆறு போல்ட்டையும் மாற்றி மாற்றி இறுக்கினான்.